சோறு போட்டால் ஆறு மாதம்: வேதாரண்யத்தில் முதலில் மீறப்பட்ட சட்டம் எது?

தகட்டூரான் | ஏப்ரல் 13, இரவு 9.10

வணக்கம் நண்பர்களே. என் மகள் எட்டாம் வகுப்பு. நேற்று வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் புறப்பட்டார்கள், ஏப்ரல் 28 வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள், 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள், ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை. அவ்வளவுதான் பாடம். முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "நூறு பேரும் பதினைஞ்சு நாளு எங்கப்பா சாப்பிட்டாங்க?"

நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன். இருந்தும், அவள் கேட்ட பிறகுதான் இந்தப் போராட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

அப்போது தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தோர்ன். நடந்து வருகிறவர்களை அவர் வழியில் பிடித்து உள்ளே தள்ளவில்லை. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் என்று அறிவித்தார். துண்டறிக்கை, செய்தித்தாள், தண்டோரா என்று ஊர் ஊராக அது போய்ச் சேர்ந்தது. சித்திரை வெயில், கால்நடை, பசி. நாலு நாளில் கூட்டம் தானாகக் கலைந்துவிடும் என்று கணக்கு.

கலையவில்லை. சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. காவிரிக்கரையில் இளைப்பாற உட்கார்ந்த இடத்தில் பெரிய பாத்திரங்களில் சோற்றை வைத்து மண்ணுக்குள் புதைத்து, எங்கே தோண்ட வேண்டும் என்று அடையாளமும் வைத்திருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் எதையும் மறைக்காமல் எல்லோரையும் வரவேற்று உபசரித்தார். ஆறு மாதம் உள்ளே போனார்.

என் வாதம் இதுதான். உப்புச் சட்டத்தை மீறியது ஏப்ரல் 30 அன்று. அதற்கு முன்பே தஞ்சாவூர் ஜில்லா இன்னொரு சட்டத்தை மீறி முடித்திருந்தது: பசித்து வருகிறவனுக்குச் சோறு போடாதே என்ற உத்தரவை. அதை மீறியவர்கள் யாரும் தொண்டர் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் இல்லை. அடுப்படியில் நின்றவர்கள். சட்டமறுப்பு என்றால் அள்ளிய உப்பைப் பற்றியே பேசுகிறோம், ஆக்கிய சோற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


கீழ்கோர்ட் | ஏப்ரல் 13, இரவு 11.32

நல்ல இழை. ஒரு வக்கீலாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

தோர்ன் புதிதாகச் சட்டம் எதுவும் போடவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த 157-ஆவது பிரிவைத் தூசி தட்டி எடுத்தார். சட்டவிரோதக் கூட்டத்துக்காகக் கூலிக்கு அமர்த்தியவர்கள் என்று தெரிந்தே ஒருவர் அவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை என்றது அந்தப் பிரிவு. அடியாள் திரட்டுகிறவனை மனதில் வைத்து எழுதியது போலத்தான் படிக்கத் தெரியும். அதைக் கொண்டுவந்து இலை போட்டுப் பரிமாறுகிற வீட்டின்மேல் திருப்பினார்கள். அநியாயச் சட்டம் என்றால் எழுத்திலேயே கொடுமை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை பெரும்பாலும் அப்படி இல்லை. படித்தால் நியாயமாகத் தெரியும், யார்மேல் பாய்கிறது என்று பார்த்தால்தான் வயிறு எரியும்.

இரண்டாவது, உங்களோடு நான் ஒத்துப்போகாத இடம். சட்டமறுப்பு செய்கிறவர் எல்லோர் கண்ணெதிரிலும் மீற வேண்டும், தண்டனையைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். தண்டிக்குப் புறப்படும் முன் 1930 மார்ச் 2 அன்று வைஸ்ராய் இர்வினுக்கே கடிதம் எழுதி, உப்புச் சட்டத்தை மீறப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் காந்தி கிளம்பினார். பந்துலு ஐயர் செய்தது அந்த வகை. இருட்டில் மரத்தில் பொட்டலம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் செய்தது நல்ல காரியம், துணிச்சலான காரியம். ஆனால் அது சத்தியாகிரகமா? ஒளித்துச் செய்வதையும் சேர்த்துக்கொண்டால், வரி ஏய்க்கிறவன் நாளைக்கு வந்து நானும் சட்டமறுப்புதான் செய்கிறேன் என்பான். கோட்டை எங்கேயாவது போட்டாக வேண்டும்.


மன்னை மீனா | ஏப்ரல் 14, காலை 6.50

கீழ்கோர்ட் சாருக்குப் பதில். எங்கள் அப்பத்தா சொல்லிக் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். அவருக்கு அப்போது எட்டு வயது. ஊர் திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே.

அமாவாசைக்கு முந்தின இருட்டு. அன்றைக்கு வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. அடுப்பு வெளிச்சத்திலேயே கொள்ளுப்பாட்டி புளியைக் கரைத்துக் காய்ச்சி, சோற்றை வடித்துப் பாயில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தார். சூட்டோடு கட்டினால் வியர்த்து மறுநாள் ஊசிப்போகும். அதனால் இரண்டு பெண்கள் பாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார்களாம். வாழைச்சருகில் பொட்டலம், வாழைநாரில் கட்டு. கட்டும்போது நாரின் ஒரு முனையை மட்டும் ஒரு முழம் நீளமாக விட்டார்கள். கிளையில் முடிச்சுப் போட அது வேண்டும். எறும்பு இறங்காமல் இருக்க அந்த முனையில் வேப்பெண்ணெய் தடவினார்கள்.

அப்பத்தாவுக்குக் கொடுத்த வேலை, திண்ணையில் உட்கார்ந்து தலையாரி வந்தால் இருமுவது. தலையாரி வந்தார். அப்பத்தா இருமினார். உள்ளே விசிறி நின்றுவிட்டது. அவர் தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்று, "ஆத்தா, புளிக்காய்ச்சல் வாசனை தெருக்கோடி வரைக்கும் வருது, கதவைச் சாத்திக்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

சார், இதை எப்படி ஒளித்தது என்கிறீர்கள்? தலையாரிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். யார் கட்டினார்கள் என்று கலெக்டருக்கு மட்டும் தெரியாது. நூறு வீடு சேர்ந்து ஒரு சட்டத்தை மீறும்போது யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் போவது அவர்கள் தப்பா?


தகட்டூரான் | ஏப்ரல் 14, காலை 8.15

மீனா அக்கா, இதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தத் தலையாரி பெயர் என்ன என்று கேட்கிறாள். தெரிந்தால் சொல்லுங்கள்.

உங்கள் தலையாரியைப் பற்றிப் படித்தபோது தோர்ன் எழுதியது நினைவுக்கு வந்தது. அரசாங்கத்தின்மேல் இந்த மக்களுக்கு எப்போதாவது தீவிரமான விசுவாசம் இருந்திருந்தால் அது இப்போது செத்துப்போய்விட்டது என்ற பொருளில் அவரே மேலிடத்துக்கு எழுதினார். உத்தரவு போட்டவரே ஒப்புக்கொண்டார். அவருடைய சம்பளப் பட்டியலில் இருந்த கடைசி ஆளே கதவைச் சாத்திக்கொள் என்று சொல்லிவிட்டுப் போன ஜில்லாவில் வேறென்ன எழுத முடியும்?


பழைய வாத்தியார் | ஏப்ரல் 14, மாலை 5.05

முப்பது வருடம் வரலாறு நடத்தினேன். தகட்டூரான் மகள் கேட்ட கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுத்திருக்கவும் இல்லை, அது என் குறை.

பசியை வைத்துப் போராட்டத்தை முறிக்கப் பார்ப்பது தோர்னுக்கு முன்பே நடந்தது. 1913-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போவோம். ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் காலம் முடிந்தும் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி. அதே ஆண்டு மார்ச்சில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. தாலி கட்டிய மனைவி ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் யாரோ ஆகிவிட்டாள்.

அங்கே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த பதினொரு பெண்கள் புறப்பட்டார்கள். பத்துப் பேர் தமிழ்ப் பெண்கள். சிலர் கையில் குழந்தை. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள், வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல். முதலாளிகள் தொழிலாளர் குடியிருப்பில் விளக்கையும் தண்ணீரையும் நிறுத்தினார்கள். பிறகு சனம் குடும்பத்தோடு வெளியே வந்தது, ஆயிரக்கணக்கில். எங்கே தங்குவது? எதைத் தின்பது?

நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. கொஞ்சம் நிலம், இரண்டு மூன்று அறை கொண்ட சின்ன வீடு. காந்தி தங்கியது அங்கேதான். அந்த வீடு சத்திரம் மாதிரி ஆகிப்போனது. ஊர் வியாபாரிகள் பாத்திரமும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்த நாட்களில் ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. கணக்கெடுத்தபோது 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். பரிமாறும் வேலையைக் காந்தி தன் கையில் வைத்துக்கொண்டார். பருப்பு சில நாள் தண்ணீராக இருக்கும், சோறு சில நாள் வேகாமல் இருக்கும், முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள் என்று பின்னால் எழுதினார்.

அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. பெற்றோரின் ஊர் தில்லையாடி. தோர்ன் பின்னால் கலெக்டராக இருந்தாரே, அதே தஞ்சாவூர் ஜில்லா. அந்த ஆண்டே மூன்று பவுன் வரி போனது, திருமணங்களும் செல்லும் என்றானது.

லாசரஸ் வீட்டு அம்மாவின் பெயரைப் பாடத்தில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வீட்டு அடுப்பு எத்தனை நாள் அணையாமல் எரிந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.


செங்காடு | ஏப்ரல் 14, இரவு 10.20

எல்லாம் சரி. ஆனால் நெகிழ்ந்துபோய் இரண்டு உண்மைகளைத் தவற விடுகிறோம்.

முதலாவது, பலன். 1931 மார்ச் 5 காந்தி இர்வின் ஒப்பந்தத்தில் கிடைத்தது, உப்பு விளையும் பகுதி மக்கள் தங்கள் தேவைக்கு அள்ளிக்கொள்ளலாம் என்ற அளவுக்குத்தான். உப்பு வரி போனது 1947-இல். பதினேழு வருடம்.

இரண்டாவது, சோறு என்று பேசினால் சாதியைப் பேசாமல் தாண்ட முடியாது. யார் ஆக்கியதை யார் தின்றார்கள் என்பதுதான் அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில் எழுதாத சட்டம். ராஜாஜி குழு தாழ்த்தப்பட்டவர்களை விடாத கோயில்களுக்குள் போக மறுத்தது, ஊர்த் தெருக்களைக் கூட்டியது. அதை மறுக்கவில்லை, மதிக்கிறேன். ஆனால் அந்தக் குழு போன பிறகு அந்தத் தெருவில் என்ன மாறியது? வெள்ளைக்காரன் போட்ட 157-ஐ ஊரே சேர்ந்து மீறியது. நாமே போட்டுக்கொண்ட சட்டத்தை மீற ஊர் சேரவில்லை.

வைக்கத்தைப் பாருங்கள். 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய போராட்டம். கோயிலைச் சுற்றி இருந்த பொதுத் தெருவில் நடக்கத்தான் கேட்டார்கள். பெரியார் இரண்டு முறை சிறை போனார், நாகம்மையாரும் போராட்டத்தில் நின்றார். அங்கேயும் சோற்றுப் பிரச்சினை வந்தது. பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீக்கியத் தொண்டர்கள் வந்து இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். காந்தி அதை மூடச் சொன்னார், உள்ளூர் மக்கள் தங்கள் காலில் நிற்க வேண்டும் என்று. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெருவில் நடக்கவே உரிமை இல்லாதவன், தன் போராட்டத்துக்குத் தானே அரிசி கொண்டுவர வேண்டும் என்றால் எங்கே போவான்?


பழைய வாத்தியார் | ஏப்ரல் 15, காலை 7.30

செங்காடு தம்பி, அகாலி சமையற்கூடம் பற்றி நானும் பல நாள் யோசித்தது உண்டு. காந்தியின் பயம் எனக்குப் புரிகிறது. வெளியூர்ச் சோறு வந்தால் போராட்டமும் வெளியூர்க்காரன் கைக்குப் போய்விடும் என்று நினைத்திருப்பார். தண்டி நடையிலேயே, சூரத்திலிருந்து லாரியில் பால் வந்தது என்று தெரிந்ததும் பட்காம் கிராமத்தில் நின்று எல்லோர் முன்னாலும் வேதனையோடு பேசியவர் அவர். ஏழை நாட்டின் பேரால் நடக்கிறவன் ஏழை சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் வைக்கத்தில் அந்த அளவுகோல் பொருந்தாது என்று நீங்கள் சொல்வதுதான் சரி. பசியோடு இருக்கிறவனிடம் போய் எளிமையைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வேதாரண்யத்தின் பலன் பதினேழு வருடம் கழித்து வந்தது என்கிறீர்கள். 157-ஐப் பொறுத்தவரை அன்று ராத்திரியே வந்தது. பொட்டலம் மரத்தில் ஏறிய நேரத்தில் உத்தரவு தோற்றுவிட்டது.


கீழ்கோர்ட் | ஏப்ரல் 15, பகல் 1.40

மீனா அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன். என் கோட்டைக் கொஞ்சம் நகர்த்திப் போட வேண்டியிருக்கிறது.

எனக்கு நினைவு வந்தது அமெரிக்காவில் மாண்ட்கோமெரி. 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் கறுப்பின மக்கள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. அங்கேயும் அதிகாரிகள் முதலில் கைவைத்தது உதவியின்மேல்தான். டாக்சிக்காரர்கள் பத்து சென்ட் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினார்கள். உடனே குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைக் கையில் எடுத்தார்கள். 1921-ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை எடுத்து ஒரே நேரத்தில் 89 பேர்மேல் வழக்குப் போட்டார்கள். பாருங்கள், அதே முறை. பழைய சட்டம், புது ஆட்கள்.

ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி அங்கே இருந்தார். வேறு பெண்களையும் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் செய்து விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்பதுதான் பதில். குழுவுக்கே 'எங்கிருந்தும் வராதவர்கள்' என்ற பொருளில்தான் பெயர். வாங்கினவர்களில் வெள்ளையர்களும் இருந்தார்கள். பெயர் வெளியே தெரிந்தால் வீட்டு வேலை போகும், வாடகை வீடு போகும். ஆனால் அதே கில்மோர், கோர்ட்டில் மார்ட்டின் லூதர் கிங்குக்காகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். வேலை போனது. அதற்கப்புறம் தன் வீட்டு அடுப்படியிலேயே சமைத்து விற்றார்.

ஆகவே ஒரே ஆள், காசு விஷயத்தில் பெயரை மறைத்தார், சாட்சி சொல்லும்போது முகத்தைக் காட்டினார். வெளிப்படையாக மீற வேண்டும் என்ற விதி, பிடிபட்டால் தாங்கக்கூடியவர்களுக்கு எழுதிய விதியோ என்று இப்போது தோன்றுகிறது. பந்துலு ஐயர் முன்னாள் சட்டசபை உறுப்பினர். ஆறு மாதம் கழித்து வந்தாலும் வீடு இருக்கும். கொள்ளுப்பாட்டி உள்ளே போயிருந்தால் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் சோறு போட்டிருப்பார்கள்?

வரி ஏய்க்கிறவன் பற்றிய என் பயம் அப்படியே இருக்கிறது. அவனையும் இவர்களையும் பிரிக்க இருட்டும் வெளிச்சமும் போதாது. தன் பையை நிரப்பிக்கொள்ள மீறினானா, அடுத்தவன் வயிற்றுக்காக மீறினானா என்று பார்க்க வேண்டும்.


அம்பாரம் | ஏப்ரல் 15, இரவு 9.45

நான் அகஸ்தியம்பள்ளியில் உப்பளத்தில் வேலை செய்கிறவன். எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு அள்ளினார்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். சித்திரையில் பாத்தியில் கால் வைத்தால் தெரியும். நாங்கள் விடியற்காலை மூன்று மணி, நாலு மணிக்கே இறங்கிவிடுவோம். எட்டு மணிக்கு மேல் வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உப்புத்தண்ணி பட்டு நெருப்பு மாதிரி எரியும். பதினைந்து நாள் நடந்து காலெல்லாம் கொப்புளம் வெடித்து வந்தவர்கள் அந்தத் தரையில் உட்கார்ந்து கையால் வாரியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது வைரப்பன் கதை. சவரத் தொழிலாளி. வந்து இறங்கிய போலீஸ்காரர்களுக்கு வேலை செய்வதில்லை என்று ஊரில் முடிவு. ஒருவர் சாதாரண உடுப்பில் வந்து உட்கார்ந்தார். பாதிச் சவரத்தில் அவர் போலீஸ் என்று தெரிந்தது. வைரப்பன் கத்தியை எடுத்துவிட்டார். மீதியைச் செய்யச் சொல்லி மிரட்டினார்கள், மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேயும் முடியாது என்றார். ஆறு மாதம் ஜெயில். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம்.

வக்கீல் சார் சொன்னதற்காக இதைச் சொல்கிறேன். வைரப்பனுக்கு வீடு நிலம் ஒன்றும் கிடையாது. கத்தியும் பெட்டியும்தான் சொத்து. தாங்க முடியாதவரும் வெளிப்படையாக நின்றிருக்கிறார். எங்கள் ஊர் வேதரத்தினம் பிள்ளை உப்பு வியாபாரி, வசதியானவர். அவர்தான் ராஜாஜியை இங்கே வரச் சொன்னவர், அவரும் சிறைக்குப் போனார், சொத்தும் போனது. இரண்டு பேரையும் எங்கள் ஊரில் ஒரே மூச்சில்தான் சொல்வோம்.


கீழ்கோர்ட் | ஏப்ரல் 15, இரவு 10.05

அம்பாரம் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. என் வாதத்தில் அந்த இடம் தப்பு. திருத்திக்கொள்கிறேன். தாங்கக்கூடியவர்களுக்கு மட்டும் எழுதிய விதி என்று நான் சொன்னது வைரப்பனைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும்.


செங்காடு | ஏப்ரல் 16, காலை 6.20

வைரப்பன் கத்தியை எடுத்த இடத்தில் என் பதிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாருக்குச் சவரம் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்தத் தொழிலாளிக்கு அதுவரை ஊரில் யாரும் கொடுத்ததில்லை. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். முடியாது என்ற சொல்லை அவர் போலீஸிடம் மட்டும் கற்றுக்கொண்டு நிறுத்தியிருக்க மாட்டார். அந்தச் சொல் பிறகு எங்கெங்கே போனது என்று யாராவது அந்த ஊரில் பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் நான் படிக்கத் தயார்.


மன்னை மீனா | ஏப்ரல் 16, மாலை 4.30

தகட்டூரான் தம்பி, உங்கள் மகளுக்காக நேற்று அத்தைக்கு போன் போட்டுக் கேட்டேன். தலையாரி பெயர் அத்தைக்கும் தெரியவில்லை. அப்பத்தா அவரை மாமா என்றுதான் சொல்வாராம். எந்த மரம் என்று கேட்டேன். ஊர் எல்லையில் இருந்த புளியமரம். 1952 புயலில் தப்பித்தது, 2018-இல் கஜாவில் வேரோடு சாய்ந்துவிட்டது. அத்தை அப்போது போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

30-ஆம் தேதி காலை அகஸ்தியம்பள்ளி நினைவு ஸ்தூபியில் வழக்கம்போல உப்பு அள்ளுவார்கள். இந்த வருடம் நானும் அத்தையும் வருகிறோம். அம்பாரம் அண்ணா, எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்? மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி. புளிசோறு நான் கட்டிக்கொண்டு வருகிறேன், வாழைச்சருகில்தான்.


அம்பாரம் | ஏப்ரல் 16, இரவு 8.50

ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள் அக்கா. குழந்தைக்குத் தொப்பியும் செருப்பும் மறக்க வேண்டாம்.